பங்குச் சந்தைத் தரவும் பைதன் மொழியும்

தோற்றுவாய்

ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாய்மொழி. களத்து நெல்லை மரைக்காலால் அளந்து கணக்கிட்டவர்களும், கரைவலையிற் பட்ட மீனைக் கடற்கரையிலேயே ஏலங்கூறி விற்றவர்களும் வாழ்ந்த ஊர் எங்கள் ஒலுவில். அங்கே அளவும் விலையும் எல்லார் கண்முன்னும் நிகழ்ந்தன. மரைக்காலிற் குறை இருப்பின் அருகில் நிற்பவன் அப்போதே சொல்வான். ஏலத்தில் விலை தாழ்ந்தால் அதன் காரணத்தையும் கரையில் நிற்பவன் அறிவான். இற்றை நாளிலோ இவ்வூரார் சிலர், பிள்ளைகள் கட்டாரிலும் சவூதியிலும் உழைத்தனுப்பும் பணத்தில் ஒரு சிறுபகுதியைக் கொழும்புப் பங்குச் சந்தையில் இடுகின்றனர். அங்கே அளப்பவனையும் காணோம். ஏலங் கூறுபவனையும் காணோம். கைபேசித் திரையில் ஓர் எண் மட்டுமே தோன்றுகின்றது.

அவ்வெண்ணை நாடோறும் தவறாது திரட்டி வைத்தற்குக் கணினியை ஏவலாம். அதற்குப் பெரிதும் பயன்படும் மொழி பைதன். நம் நாட்டுக் க. பொ. த. உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் மாணவர் கற்கும் செய்நிரல் மொழியும் அதுவே. தமிழாசிரியனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என வினவுவாரும் உளர். யான் இதனை மாணவர் பக்கத்தில் அமர்ந்தே கற்றேன். கற்றபின், ஏட்டுச்சுவடி காலத்துப் பழைய பாடம் ஒன்று இதனுள் மறைந்திருப்பதைக் கண்டேன். அப்பாடத்தைக் கல்லாது விட்டமையால் ஒருவருக்குத் தீங்கும் இழைத்தேன். அவ்விரண்டையும் நம் கல்லூரியின் பழைய மாணவர்க்கும், இன்று பயிலும் இளையோர்க்கும் இம்மலர் வாயிலாக எடுத்துரைத்தல் என் கடமை.

பங்கும் சந்தையும்

ஒரு கொம்பனியின் உடைமையைச் சமமான பல கூறுகளாக வகுத்தால் ஒவ்வொரு கூறும் ஒரு பங்கு எனப்படும். பங்கு உடையவன் கொம்பனியின் உடைமையாளருள் ஒருவன்; இலாபத்திலும் நட்டத்திலும் அவனுக்கு உரிமையுண்டு. அப்பங்கை வேறொருவனுக்கு விற்றற்கும் வாங்குதற்கும் உரிய இடம் பங்குச் சந்தை.

இலங்கையிலே பங்கு விற்பனை 1896ஆம் ஆண்டிற் கொழும்புப் பங்குத் தரகர் சங்கத்தோடு ஒழுங்கு பெற்றது. அக்காலத்திற் கைமாறியவை பெரும்பாலும் தோட்டக் கொம்பனிகளின் பங்குகளே. தரகர் ஒரு கூடத்திற் கூடி விலையைக் குரலெழுப்பிக் கூறும் முறையும் நிலவிற்று. எங்கள் கரையில் மீனை ஏலமிடும் முறைக்கும் அதற்கும் வேற்றுமை சிறிதே. 1985இற் சந்தை ஒரு கொம்பனியாகப் பதிவு பெற்றது; 1990இற் கொழும்புப் பங்குச் சந்தை என்னும் பெயர் பெற்றது. 1991இற் பங்குகளை ஓரிடத்தில் வைத்துக் கணக்கிடும் மத்திய வைப்பு முறை வந்தது. 1997இல் வர்த்தகம் கணினிக்கு மாறவே கூவும் குரல் ஓய்ந்தது. இச்சந்தையை மேற்பார்வை செய்வது இலங்கைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு.

கொழும்பிலே தரகர் சங்கம் தோன்றிய அதே 1896ஆம் ஆண்டின் மே மாதத்திலேதான் அமெரிக்காவிற் சாள்ஸ் டவ் என்பார் பன்னிரண்டு தொழிற் கொம்பனிகளின் பங்கு விலைகளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து ஒரு சராசரியை வெளியிட்டார். அதற்கு வேண்டிய கருவி பென்சிலும் கடதாசியுமே. பின்னர் ஒரு சிக்கல் எழுந்தது. ஒரு கொம்பனி தன் பங்கு ஒன்றை இரண்டாகவோ பத்தாகவோ பிரிக்குமாயின் ஒவ்வொரு பங்கின் விலையும் அதற்கேற்பத் தாழும். உடைமையாளர் எதனையும் இழந்திலர்; ஆயினும் சராசரி வீழ்ந்தது போலத் தோன்றும். 1928இல் அச்சராசரி முப்பது பங்குகளாக விரிவடைந்தபோது, வகுக்கும் எண்ணையே வேண்டியவாறு திருத்தும் முறையைக் கைக்கொண்டனர். இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்க; பின்னர் இதற்கு மீள்வோம்.

இற்றைநாட் கொழும்புச் சந்தையின் பொதுநிலையைக் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், 1985ஆம் ஆண்டின் நிலையை 100 எனக் கொண்டு கணிக்கப்படுவது. இருபது பெரிய கொம்பனிகளைக் கொண்ட எஸ். அன்ட் பி. இருபது சுட்டெண் 2012இல் வந்தது.

பைதன் என்னும் மொழி

பைதன் மொழியை ஆக்கியவர் நெதர்லாந்து நாட்டவராகிய கைடோ வான் றொசம். அம்ஸ்ரடாம் நகரிலுள்ள கணித, கணினியியல் ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய அவர், 1989ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையிலே இதனைத் தொடங்கி 1991 பெப்ரவரியில் வெளியிட்டார். மலைப்பாம்பைக் குறிக்கும் சொல்லாயினும், பெயர் வந்தது பாம்பினால் அன்று. மொன்ரி பைதன் என்னும் ஆங்கில நகைச்சுவை நிகழ்ச்சியை அவர் விரும்பியமையால் வந்தது.

இதன் இலக்கணம் சுருங்கியது. எந்த வரி எந்த வரிக்கு உட்பட்டது என்பதை இம்மொழி அடைப்புக்குறியாற் காட்டாமல், வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியாற் காட்டுகின்றது. ஆதலின் எழுதியவன் கருத்து வாசிப்பவன் கண்ணுக்கு எளிதிற் புலனாகும். மேலும், பிறர் எழுதி வைத்த நூலகங்கள் பல இதற்கு உண்டு. அவற்றை வேண்டியபோது அழைத்துப் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டுவதில்லை.

செய்நிரல் வரிகள் ஆங்கில எழுத்தில் அமைவன. அவற்றைப் பாடநூல்களிற் காணலாமாதலின், ஈண்டு அவற்றின் போக்கினை மட்டும் தமிழிற் கூறுவாம்.

சேகரிக்கும் முறை

முதலாவது படி, வேண்டுவது யாதென வரையறுத்தல். ஒரு நாளைக்கு ஒரு பங்கு குறித்துத் தொடக்க விலை, அதியுயர் விலை, மிகத் தாழ்ந்த விலை, இறுதி விலை, கைமாறிய பங்குகளின் தொகை ஆகிய ஐந்தும் இருந்தாற் போதும். பங்கின் பெயரை மட்டும் குறித்தல் போதாது. சந்தை வழங்கிய குறியீட்டையும் முழுமையாக எழுத வேண்டும். கொழும்புச் சந்தையிலே குறியீட்டின் பின்பகுதி 'என்' எனத் தொடங்கின் அது வாக்குரிமையுள்ள சாதாரணப் பங்கு; 'எக்ஸ்' எனத் தொடங்கின் வாக்குரிமையற்றது. ஒரே வங்கியின் இவ்விரு வகைப் பங்குகளும் வெவ்வேறு விலைக்கு விற்கும். பெயரை மட்டும் நோக்கும் நிரல் ஒன்றின் விலையை மற்றொன்றின் கணக்கில் எழுதிவிடும்.

இரண்டாவது படி, பக்கத்தைக் கேட்டல். இணைய உலாவியில் ஒரு முகவரியை நாம் தட்டும்போது, தொலைவிலுள்ள சேவையகத்துக்கு ஒரு வேண்டுகோள் செல்கின்றது. அது பக்கத்தை அனுப்புகின்றது. பைதனில் இவ்வேலையைச் செய்வது 'ரிக்குவெஸ்ற்ஸ்' என்னும் நூலகம். விடையோடு மூவிலக்க எண் ஒன்றும் வரும். 200 எனின் வேண்டியது கிடைத்தது; 404 எனின் அப்பக்கம் இல்லை; 429 எனின் நீ அளவு மீறிக் கேட்கின்றாய் என்பது பொருள். இவ்வெண்ணைப் பாராது மேற்செல்லும் நிரல், பிழைச்செய்தியையே விலைப்பட்டியலாகக் கருதித் தேடத் தொடங்கும்.

மூன்றாவது படி, வந்த பக்கத்தினின்றும் வேண்டிய எண்ணைப் பிரித்தெடுத்தல். வலைப்பக்கம் என்பது எச். ரி. எம். எல். என்னும் குறிமொழியில் எழுதப்பட்ட உரை. தலைப்பு, பந்தி, அட்டவணை, அட்டவணையின் வரிசை, வரிசையின் கட்டம் என ஒவ்வொன்றுக்கும் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் உள. அக்குறிகளைப் பற்றிச் சென்று, இன்ன அட்டவணையின் இன்ன வரிசையில் இன்ன கட்டத்தில் உள்ளதை எடு எனக் கட்டளையிட உதவுவது 'பியூற்றிஃபுல் சூப்' என்னும் நூலகம். இக்காலத்துப் பக்கங்கள் பல முதலில் வெறுங்கூடாக வந்து, பின்னர் விலைகளைத் தனியே வரவழைத்து நிரப்பிக்கொள்வன. அவற்றிற் கூட்டை மட்டும் எடுத்தால் எண் ஒன்றும் கிடையாது. அவ்வாறாயின் உலாவியையே மனிதன் போல இயக்கும் 'செலீனியம்' என்னும் கருவியை நாடுவர். அல்லது தரவைக் கேட்டுப் பெறுதற்கெனத் தள உரிமையாளர் திறந்து வைத்த வாயில் உண்டாயின் அதனூடு செல்வர். பின்னது சிறந்த வழி.

நான்காவது படி, தூய்மை செய்தல். பக்கத்திலுள்ள 1,025.50 என்பது நம் கண்ணுக்கு எண். கணினிக்கு அது வெறும் எழுத்துத் தொடர். காற்புள்ளியை நீக்கிய பின்னரே அதனை எண்ணாக மாற்றுதல் கூடும். நீக்காது, காற்புள்ளியாற் பிரிக்கும் கோப்பில் அப்படியே எழுதினால், ஆயிரத்து இருபத்தைந்தரை ரூபா என்னும் விலை ஒன்று எனவும் இருபத்தைந்தரை எனவும் இரு கட்டங்களாகப் பிளந்துபோம். இனி, அன்று ஒரு பங்கும் கைமாறாவிடின் அக்கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருத்தலுண்டு. அதனைச் சுழியம் என எழுதுதல் பெரும்பிழை. விலை இல்லாமை வேறு. விலை சுழியமாதல் வேறு. கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடுக.

ஐந்தாவது படி, சேமித்தல். நாளொன்றுக்கு ஒரு வரியாக முந்தைய வரிகளை அழிக்காமற் சேர்த்துச் செல்க. சிறு தொகுப்பாயிற் காற்புள்ளிக் கோப்புப் போதும். பெருகினால் 'எஸ்கியூலைற்' என்னும் தரவுத்தளம் ஏற்றது. திரட்டியவற்றை அட்டவணையாக ஆராய்தற்கு வெஸ் மக்கினி என்பார் 2008இல் ஆக்கத் தொடங்கிய 'பாண்டாஸ்' நூலகம் துணைபுரியும். எண்ணை எடுத்த பின்னரும் மூலப் பக்கத்தின் படி ஒன்றை நாளும் நேரமும் குறித்துத் தனியே வைத்துக்கொள்க. ஐயம் எழுமிடத்து மீண்டு பார்ப்பதற்கு அது ஒன்றே சான்று.

ஆறாவது படி, நேரம் குறித்தல். கொழும்புச் சந்தை காலை 9.30 முதற் பிற்பகல் 2.30 வரை நிகழ்வது. நாளிறுதி விலை வேண்டுவோர், சந்தை மூடிய பின் நாளுக்கொரு முறை நிரல் தானே இயங்குமாறு கணினியின் நேர அட்டவணையில் அமைத்துவிடலாம். வெளிநாட்டிலுள்ள வாடகைக் கணினியில் இயக்குவோர் ஒன்றை மறத்தலாகாது. அங்குள்ள கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தைக் காட்டுவது. நம் நேரம் அதனினும் ஐந்தரை மணி முற்பட்டது. இங்கே விடியற்காலமாயிருக்கும்போது அங்கே முந்தைய நாளின் தேதியே நிற்கும்.

வாயிலில் நிற்கும் ஒழுக்கம்

பிறர் வீட்டுக் கிணற்றில் நீர் மொள்வோன் கேட்டு மொள்ளுதலும், வாளியை உடையாமல் வைத்தலும் முறை. இணையத்திலும் அஃதே. தானியங்கு நிரல்கள் எப்பகுதிக்கு வரலாம், எப்பகுதிக்கு வரலாகாது என்பதைத் தள உரிமையாளர் 'றோபோட்ஸ்' என்னும் சிறு கோப்பில் எழுதி வைப்பர். மார்ட்டின் கொஸ்ரர் என்பார் 1994இல் முன்வைத்த வழக்கம் இது. 2022இல் இணைய நியம ஆவணங்களுள் ஒன்றாக வெளிவந்தது. அதனை முதலிற் படித்தல் வேண்டும். தளத்தின் பயன்பாட்டு விதிகளையும் படித்தல் வேண்டும். சந்தைகள் பல தம் விலைத் தரவையே விலைப்பொருளாக விற்பனவாதலின், சொந்தப் படிப்புக்கு எடுத்தலை ஒருவாறாகவும், எடுத்ததைப் பிறருக்கு வழங்குதலை வேறொருவாறாகவும் விதிகள் கருதுதல் உண்டு.

ஒரு நொடியிற் பன்முறை கேட்டுச் சேவையகத்தை வருத்தலாகாது. இரண்டு வேண்டுகோளுக்கிடையே சில நொடி பொறுத்திருக்குமாறு நிரலுக்குக் கூறுதல் ஒரு வரி வேலை. பூட்டிய பகுதியில் நுழைதலும், பிறர் கடவுச்சொல்லைக் கொண்டு புகுதலும் ஒழுக்கக்கேட்டோடு நில்லாமற் குற்றமுமாம். நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியின்றி அணுகுதலைத் தண்டிக்கின்றது. சந்தை தானே வெளியிடும் நாளறிக்கையில் வேண்டியவை யாவும் இருப்பின், நிரலால் வருந்தித் திரட்டவே வேண்டாம். அதனைப் பெற்றுக்கொள்ளுதலே நன்று.

ஏடெழுதுவோனும் பதிப்பாசிரியரும்

இனி, யான் முன்னர்க் குறித்த பழைய பாடத்துக்கு வருவோம். நம் பழந்தமிழ் நூல்கள் ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுக்கப்பட்டே நம்மிடம் வந்தன. ஏட்டிலே மெய்க்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேற்றுமை காட்டுவதில்லை. ரகரமும் காலும் ஒன்று போல நிற்கும். ஏடெழுதுவோன் தன் கண்ணுக்குப் பட்டதை எழுதினான். முந்தைய ஏட்டிற் செல்லரித்த இடத்தை விட்டான், அல்லது தோன்றியவாறு நிரப்பினான். அவன்மேற் குற்றமில்லை, விரைந்தும் ஓயாதும் எழுதுவதே அவன் தொழில். அவ்வேடுகள் பலவற்றைத் தேடி ஒன்றோடொன்று ஒப்புநோக்கி இதுவே பாடமெனத் துணிந்தவர் பதிப்பாசிரியர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றியது அத்தகைய உழைப்பினாலேயே.

பைதன் நிரல் ஓர் ஏடெழுதுவோன். அவனினும் விரைவுடையது, உறக்கமும் சோர்வும் அறியாதது. ஆயினும் பொருளறியாது படியெடுக்கும் இயல்பு இரண்டுக்கும் பொது. பதிப்பாசிரியர் வேலை நமக்கே எஞ்சுகின்றது. அவ்வேலையை விட்டுவிடின் எவ்வாறு பொய்க்கும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுக் காண்போம்.

போயா நாளிற் கொழும்புச் சந்தை மூடியிருக்கும். வலைப்பக்கம் மூடுவதில்லை, முந்தைய நாளின் விலையைக் காட்டிக்கொண்டே நிற்கும். நாடோறும் இயங்கும் நிரல் அவ்விலையைப் போயா நாளின் தேதியிட்டு எழுதிவைக்கும். ஒரு நாளாயிற் பெருங்கேடில்லை. கொவிட் பெருந்தொற்றின்போது 2020 மார்ச் மாதத்தின் பிற்பகுதி தொடங்கி மே 11 வரை சந்தை மூடிக்கிடந்தது. அவ்விடைக்காலத்தில் இயங்கிய நிரலொன்று, விலைகள் ஒரு சதமேனும் அசையாது வாரக்கணக்கில் நிலைத்து நின்றன என எழுதியிருக்கும். பிற்காலத்தில் அவ்வட்டவணையைக் காண்போன், அதனை அமைதியான காலமென்றே எண்ணுவான். மே 11இற் சந்தை திறந்தவுடனே விலைகள் சரிந்து வர்த்தகம் நிறுத்தப்பட்டது என்பதே வரலாறு. நாடு வெளிக்கடனைச் செலுத்த இயலாதென அறிவித்த 2022 ஏப்ரல் மாதத்திலும், 18 முதல் 22 வரை சந்தை மூடப்பட்டது. மூடிய கடையின் பழைய விலைப்பலகையைப் படியெடுத்துவிட்டு விலை நிலையாயுள்ளது என்று கூறுதல் எத்துணைப் பேதைமை!

பக்கத்தின் அமைப்பு மாறுதல் மற்றொன்று. நான்காவது கட்டத்தை எடு எனக் கட்டளையிட்டிருப்போம். ஒரு நாள் தள உரிமையாளர் இடையிற் புதிய கட்டமொன்றைச் சேர்ப்பார். நிரல் முறையிடாது, இறுதி விலைக்குப் பதிலாகத் தாழ்ந்த விலையை எழுதிக்கொண்டே போம். சில வேளை வாயிலே மூடப்படுதலும் உண்டு. உலகெங்கும் பயின்று வந்த யாகூ நிதித்தளத்தின் இலவசத் தரவு வாயில் 2017இல் நிறுத்தப்பட்டபோது, அதனை நம்பிய எண்ணற்ற நிரல்கள் ஒருங்கே நின்றுபோயின. நின்றுபோகும் நிரல் நன்மையே செய்தது. பிழையுணர்த்தாது பொய்யெழுதும் நிரலே அஞ்சத்தக்கது.

யான் இழைத்த பிழை

எம் கரையோரத்து முஸ்லிம் மக்கள் வட்டியை விலக்கி வாழ்பவர். ஒரு கொம்பனியின் பங்கை வாங்குமுன் அதன் தொழில் ஆகுமானதா, அது வட்டிக்கு வாங்கிய கடன் எவ்வளவு எனப் பார்ப்பர். பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட 'அயோஃபி' என்னும் இஸ்லாமிய நிதி நியம அமைப்பு இதற்கொரு அளவு கூறியுள்ளது. வட்டிக் கடன், கொம்பனியின் சந்தை மதிப்பில் நூற்றுக்கு 30ஐத் தாண்டலாகாது என்பதே அது. சந்தை மதிப்பாவது பங்கின் விலையைப் பங்குகளின் தொகையாற் பெருக்க வருவது. விலை நாடோறும் மாறுதலின் இவ்வீதமும் நாடோறும் மாறும். இதனைக் கையாற் கணித்தல் அரிது, நிரலுக்கு எளிது.

என்னிடம் முன்னர்ப் பயின்று, கட்டாரிற் பல்லாண்டு உழைத்து மீண்ட ஒருவர், தம் சேமிப்பிலொரு பகுதிக்கு ஒரு கொம்பனியின் பங்குகளை வாங்கி வைத்திருந்தார். அவருக்காக இக்கணக்கை நாடோறும் போட்டுக் காட்டும் நிரலொன்றை எழுதினேன். எண்களைச் சுருக்கிச் சொல்வேன். கொம்பனியின் பங்குகள் 10 கோடி. விலை 100 ரூபா. சந்தை மதிப்பு 1,000 கோடி ரூபா. கடன் 120 கோடி. ஆகவே நூற்றுக்கு 12. அச்சம் யாதுமில்லை. ஒரு நாட் காலை நிரல் நூற்றுக்கு 120 எனக் காட்டியது. விலை 100இலிருந்து 10க்கு வீழ்ந்திருந்தது. யான் பதறி அவருக்குத் தொலைபேசியிற் கூறினேன். "சேர், நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர். அன்றே தரகர் மூலம் அத்தனை பங்குகளையும் விற்றுவிட்டார்.

நிகழ்ந்தது யாதெனின், அக்கொம்பனி தன் பங்கு ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரித்திருந்தது. பங்குகள் 100 கோடியாயின. விலை 10 ரூபாவாயிற்று. சந்தை மதிப்பு அதே 1,000 கோடி. வீதம் அதே 12. என் நிரல் புதிய விலையை வலைப்பக்கத்திலிருந்து எடுத்தது. பங்குகளின் தொகையையோ யான் பல மாதங்களுக்கு முன் எழுதி வைத்த பழைய எண்ணிலிருந்து எடுத்தது. அமெரிக்காவிலே 1928இற் பென்சில் கொண்டு கணக்கிட்டவர் கண்டு விலக்கிய பிழையை, யான் கணினியைக் கைக்கொண்டு செய்தேன். பிரிப்புக் குறித்த அறிவித்தல் முன்னரே வெளியாகியிருந்தது. யான் அதனைப் படித்திலேன்.

அவர் இழந்தது தரகும் கட்டணங்களும், பின்னர் மீண்டும் வாங்கியபோது ஏறியிருந்த விலையின் வேறுபாடும். பெருந்தொகையன்று. ஆயினும் அது பாலை வெயிலில் உழைத்த காசு. ஈடுசெய்ய யான் முன்வந்தபோது அவர் ஏற்க மறுத்தார். அவர் ஒரு சொல்லும் கடிந்து கூறாமையே என்னை மிகவும் வருத்திற்று. ஏனெனின் அவர் நம்பியது கணினியை அன்று, தம் ஆசிரியனை. யானோ அவர் கேட்டதற்கு ஆராயாது, ஏடெழுதுவோன் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன்.

பதிப்பாசிரியர் பணி

அதன்பின் என் நிரலிற் சில காவல்களை அமைத்தேன். அவற்றை இளையோர் பயன்கருதிக் கூறுவேன்.

முதற் காவல், சந்தை நடைபெற்ற நாள்தானா என வினவுதல். எல்லாப் பங்குகளின் விலையும் கைமாறிய தொகையும் முந்தைய நாளோடு ஒரு சிறிதும் மாறாவிடின், அந்நாளை எழுதாது விடுமாறு கட்டளையிட்டேன்.

இரண்டாவது, ஒரே நாளில் விலை நூற்றுக்கு 20க்கு மேல் ஏறினும் இறங்கினும் நிரல் கணக்கை நிறுத்தி, மனிதனொருவன் அறிவித்தல்களைப் படித்து அனுமதிக்கும் வரை காத்திருத்தல். பங்குப் பிரிப்பு, இலவசப் பங்கு, உரிமைப் பங்கு, பங்கிலாபம் ஆகிய நான்கும் கொம்பனி நலிவடையாமலே விலையைத் தாழ்த்த வல்லன.

மூன்றாவது, ஒன்றோடொன்று பெருக்கப்படும் எண்கள் ஒரே நாளுக்குரியனவா எனப் பார்த்தல். ஒவ்வோர் எண்ணின் அருகிலும் அஃது எங்கிருந்து, எந்நாளில் எடுக்கப்பட்டது என எழுதி வைக்கின்றேன். நாளும் மூலமும் இல்லாத எண்ணை இப்போது என் அட்டவணை ஏற்பதில்லை.

நான்காவது, கட்டத்தை அதன் வரிசை எண்ணாற் பற்றாது தலைப்பாற் பற்றுதல். இறுதி விலை என்னும் தலைப்பைக் காணாவிடின் நிரல் நின்றுவிட வேண்டும், ஊகித்தலாகாது.

ஐந்தாவது, கிழமைக்கொரு முறை ஐந்தாறு பங்குகளை எடுத்துச் சந்தை வெளியிடும் அறிக்கையோடு கையால் ஒப்புநோக்கல். இஃது ஏடுகளை ஒப்பிடுதலே. பத்து நிமிட வேலை. ஆயினும் இதனை வேறொருவரிடமும் ஒப்படைப்பதில்லை.

இவற்றோடு மற்றொன்றும் துணிந்தேன். வாங்குக, விற்க என்று எவருக்கும் இனிச் சொல்வதில்லை. கணக்கைக் காட்டுவேன், அது பிறந்த வழியையும் காட்டுவேன். ஆகுமா ஆகாதா என்பதை மார்க்க அறிஞரிடமும், வாங்கலாமா என்பதை உரிய உரிமம் பெற்ற ஆலோசகரிடமும் கேட்குமாறு கூறுவேன்.

முடிவுரை

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் அமைந்தபின் கணினி கற்ற இளைஞர் இக்கரையிற் பெருகியுள்ளனர். நம் கல்லூரி மாணவரும் பைதன் மொழியைப் பாடசாலையிலேயே பயில்கின்றனர். ஒரு மாலைப் பொழுதிற் சிறு நிரலொன்றை எழுதி, ஆண்டு முழுவதும் விலைகளைத் திரட்டுதல் அவர்களுக்கு அரிதன்று. திரட்டுதலை இயந்திரம் செய்க. அது நன்றாகவே செய்யும். அளவையின் அடிப்பகுதியைத் தட்டிப் பார்த்தல், கடை திறந்திருக்கின்றதா என நோக்குதல், ஒன்று பத்தாகப் பிரிந்த செய்தியைப் படித்தல் ஆகியவை மனிதன் செய்யும் தொழில்களாகவே இன்றும் உள்ளன.

அந்த மாணவர் இப்போதும் மாதமொருமுறை என்னிடம் வருவார். அட்டவணையை அவர் முன் விரிப்பேன். "பங்கு எத்தனை கோடி எண்டு இண்டைக்குப் பார்த்தீங்களா, சேர்?" என்று அவரே முதலிற் கேட்பார். நல்ல பதிப்பாசிரியருக்குரிய வினா அது. அதனை எனக்குக் கற்பித்தவர் என் மாணவர். கற்பித்தவனும் கற்றவனும் இவ்வாறு இடம் மாறி நிற்பதற்கு அடித்தளமிட்ட நம் கல்லூரி பல்லாண்டு வாழ்க!